சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது... மனச்சோர்வு மாத்திரை?

'அண்ணா, பத்து மாத்திரை மட்டும் குடுங்க. மிச்சத்தை அப்பறம் வாங்கிக்கறேனுங்க...'

பெருந்துறையில் மருந்துக்கடை வைத்து எனக்கு முப்பது வருடம் ஆகப் போகிறது. இந்த வார்த்தையைக் கேட்காத நாள் கிடையாது. சர்க்கரைக்கு வாங்குபவர்களும் இப்படிக் கேட்பதுண்டு. ஆனால், அவர்கள் கடைக்கு வெளியே நின்றபடி, 'அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை, ஒரு அட்டை' என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வார்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை வாங்க வருகிறவர் அப்படி இல்லை. கூட்டம் குறையட்டும் என்று ஓரமாக நிற்பார். டாக்டர் சீட்டை நான்காக மடித்து நீட்டுவார். 'கவர்ல போட்டுக் குடுங்க' என்பார். பேச்சு உதட்டைத் தாண்டாது!

சில வருடங்களுக்கு முன் ஒரு பெண் இப்படித்தான் வந்தார். பக்கத்துக் கிராமம். நாற்பது வயதிருக்கும். சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில் துணி மடிக்கிற வேலை. டாக்டர் ஒரு மாதத்துக்கு எழுதியிருந்தார், அவர் பத்து நாளைக்கு வாங்கினார். அடுத்த பத்து நாள், அதற்கடுத்த பத்து நாள்... இரண்டு மாதத்தில் அந்த முகத்தில் வந்த தெளிவை நானே பார்த்தேன். ஒருநாள் சிரித்தபடி, 'இப்பத்தானுங்கண்ணா சோத்துல ருசி தெரியுது' என்றார்.

அதோடு வரவில்லை.

நாலைந்து மாதம் கழித்து பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஆள் பாதியாகியிருந்தார். 'நல்லாத்தான இருந்தீங்க அம்முணி, ஏன் மாத்திரைக்கு வர்றதில்லை?' என்றேன். 'நல்லாயிருச்சுன்னுதானுங்க நிறுத்துனேன். பையனுக்கு ஃபீஸ் கட்டோணும். நல்லாயிருக்கறப்ப எதுக்குத் தெண்டச் செலவுன்னு எங்கூட்டுக்காரரும் சொல்லிட்டாருங்க' என்றார்.

தெண்டச் செலவு! இந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். நான் டாக்டர் இல்லை. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவன். பார்த்ததைச் சொல்கிறேன்.

இருபதில் ஒருவர்!

கவலை எல்லோருக்கும் வரும், போகும். மனச்சோர்வு அப்படி இல்லை. இரண்டு வாரத்துக்கு மேல், நாள் முழுக்க மனசு கனக்கும். பிடித்த எதிலும் நாட்டம் இருக்காது. தூக்கம் கெடும், பசி கெடும், உடம்பு சோரும். 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு அரிக்கும். சிலருக்கு உயிரை விட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றும். இது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. வைத்தியம் உள்ள நோய்!

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வு நடத்தியது. வாழ்நாளில் எப்போதாவது மனச்சோர்வு நோய்க்கு ஆளானவர்கள் இருபதில் ஒருவர் என்றது அந்த ஆய்வு. அதில் சிகிச்சை கிடைக்காதவர்கள் எத்தனை பேர் தெரியுமா? நூற்றுக்குச் சுமார் 85 பேர்! சிகிச்சைக்கும் போக்குவரத்துக்குமாகக் குடும்பங்கள் மாதம் 1,000 முதல் 1,500 ரூபாய் வரை கைக்காசு செலவழிப்பதாகவும் அது சொன்னது.

இத்தனைக்கும் மாத்திரை மட்டுமே அவ்வளவு விலை இல்லை. பிறகு காசு எங்கே போகிறது? கணக்குப் போட்டுப் பாருங்கள். திங்களூர் பக்கமிருந்து ஒரு அம்மா ஈரோட்டிலோ கோவையிலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021லிருந்து டிக்கெட் இல்லை, நல்ல விஷயம். ஆனால் துணைக்குக் கணவரோ மகனோ வர வேண்டும். இரண்டு பேருக்கும் ஒருநாள் கூலி போச்சு. டாக்டர் ஃபீஸ், சாப்பாடு, வெளியூர் பஸ் டிக்கெட். எல்லாம் முடிந்து கடைசியாக என் கடைக்கு வரும்போது பர்ஸில் என்ன மிச்சம் இருக்கிறதோ, அதற்குத் தகுந்த மாத்திரைதான்! அதனால்தான் 'பத்து மட்டும் குடுங்க'.

பாதியில் நிறுத்தினால்?

இந்த மாத்திரைகள் தலைவலி மாத்திரை மாதிரி இல்லை. வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல், வயிற்றுக் கோளாறு என்று தொந்தரவு மட்டும் தெரியும், பலன் தெரியாது. பத்து நாள் வாங்கியவர், 'ஒண்ணும் கேக்கலைங்க' என்று விட்டுவிடுகிறார். பலன் தெரிந்தவரோ, 'நல்லாயிருச்சுங்க' என்று விட்டுவிடுகிறார். இரண்டுமே தப்பு!

குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல், பலருக்கு ஒன்பது மாதம், ஒரு வருடம் என்று தொடர வேண்டியிருக்கும். பிறகு டாக்டர் சொல்லும் முறைப்படி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். இடையில் விட்டால் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். அந்தப் பெண்ணுக்கு நடந்தது அதுதான். அவர் மிச்சம் பிடித்தது சில நூறு ரூபாய். இழந்தது பல மாதச் சம்பளம்! இப்போது சொல்லுங்கள், எது தெண்டச் செலவு?

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

என் தொழில் ரகசியம் ஒன்று. ஃப்ளூஆக்ஸெடின், எஸ்சிடலோபிராம், அமிட்ரிப்டிலின் ஆகிய மூன்றும் மத்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. இந்த விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று உச்சவரம்பு உண்டு. அந்த வரம்புக்குள்ளேயே கம்பெனிக்குக் கம்பெனி விலை மாறும். பிரதம மந்திரி மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகம் போன்ற கடைகளில் இன்னும் குறைவாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு.

ஆனால், எஸ்சிடலோபிராமோடு குளோனஸெபாம் சேர்த்து ஒரே மாத்திரையாக நிறைய பிராண்டுகள் வருகின்றன. இந்தக் கூட்டு மாத்திரைகளுக்கு அந்த விலை வரம்பு பொருந்தாது. தவிர, குளோனஸெபாம் தூக்க மாத்திரை இனம். ரொம்ப நாள் எடுத்தால் பழக்கமாகிவிடும். 'மனநல மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோம்' என்ற பயம் வருவதே இந்த வகையால்தான். மனச்சோர்வை நீக்கும் மாத்திரைகள் அப்படி அடிமைப்படுத்துபவை அல்ல.

அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், ப்ளீஸ்! அட்டையின் பின்னால் இரண்டு மருந்துப் பெயர் இருந்தால், அடுத்த முறை டாக்டரிடம், 'இது எத்தனை நாளைக்குங்க? இதே மருந்து விலை கம்மியா எழுத முடியுங்களா?' என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் என்ன? சீட்டில் உள்ள பிராண்டைக் கடைக்காரர் தானாக மாற்றித் தர முடியாது, சட்டம் இடம் தராது. டாக்டர்தான் மாற்றி எழுத வேண்டும்.

சட்டம் இருக்கிறது... மாத்திரை?

2017-ம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே மாதம் அமலுக்கு வந்தது. அத்தியாவசியப் பட்டியலில் உள்ள மனநல மருந்துகளை வட்டார அளவிலான சமுதாய சுகாதார மையத்திலிருந்து மேலே உள்ள எல்லா அரசு மருத்துவமனைகளிலும், 'எல்லா நேரமும்' இலவசமாகத் தர வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். ஏழை, பணக்காரர் என்ற பேதம் இதில் கிடையாது. இது சலுகை அல்ல, உங்கள் உரிமை!

ஆனால் என் கடைக்கு வருகிறவர்கள் சொல்வது வேறு. 'போன மாசம் குடுத்தாங்க, இந்த மாசம் ஸ்டாக் இல்லைன்னுட்டாங்க.' 'டாக்டர் வாரத்துல ஒருநாள்தான் வர்றாருங்க, அன்னைக்கு எனக்கு லீவு கிடைக்கலை.' ஒரு மாதம் இடைவெளி விழுந்தால் போதுமே, மறுபடி முதலிலிருந்து!

இன்ஷூரன்ஸ்? உடல் நோய்க்குத் தருவது போலவே மன நோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஆனால் பெரும்பாலான பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். மனச்சோர்வுக்காரர்களில் பெரும்பாலோர் படுப்பதில்லை. ஓ.பி.யில் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஆகவே, உரிமை ஏட்டில் இருக்கும், செலவு உங்கள் தலையில்!

சானடோரியம் சொல்லும் பாடம்

பெருந்துறை என்றால் பழைய ஆட்களுக்கு சானடோரியம்தான் ஞாபகம் வரும். காசநோய்க்கு ஊருக்கு வெளியே தனி ஆஸ்பத்திரி. அந்த வளாகத்தில்தான் 1992ல் ஐ.ஆர்.டி. மருத்துவக் கல்லூரி வந்தது. இன்று அதுவே அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி.

காசநோய் என்றால் அன்று பேரைச் சொல்லவே பயம். பெண் கொடுக்க மாட்டார்கள், பெண் எடுக்க மாட்டார்கள். மாதக்கணக்கில் படுக்கையில் கிடக்க வேண்டும் என்ற நிலைமை. 1956ல் சென்னையில் ஆரம்பித்த காசநோய் ஆராய்ச்சி மையம், 1959ல் உலகத்துக்கே ஒரு செய்தி சொன்னது. வீட்டில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்டாலும் சானடோரியத்துக்குச் சமமாகக் குணமாகும் என்பதே அது. இன்று காசநோய்க்கு முழு சிகிச்சையும் இலவசம். அரசே ஆள் வைத்துத் தேடி வருகிறது. சத்துணவுக்கென்று 2018லிருந்து மாதம் 500 ரூபாய், 2024 நவம்பரிலிருந்து 1,000 ரூபாய்!

இதில் ஒரு ஆச்சரியம். மனச்சோர்வுக்கான முதல் மருந்துகளில் ஒன்று காசநோய் வார்டில்தான் பிறந்தது! 1952ல் நியூயார்க்கில் ஸீ வியூ ஆஸ்பத்திரியில் ஐப்ரோநயாசிட் என்ற மருந்தைக் காசநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். சுருண்டு கிடந்தவர்கள் உற்சாகமாக எழுந்து நடமாட ஆரம்பித்தார்கள். 1957 வாக்கில் மனச்சோர்வுக்கே அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். கல்லீரலைக் கெடுத்ததால் பிறகு கைவிட்டார்கள் என்றாலும், மனச்சோர்வுக்கு மருந்து உண்டு என்ற நம்பிக்கை அங்கேதான் பிறந்தது.

இரண்டு நோய்க்கும் மாதக்கணக்கில் மாத்திரை வேண்டும். இரண்டிலும் பாதியில் விட்டால் ஆபத்து. இரண்டுக்கும் வெட்கம் ஒரு பெரிய எதிரி. ஒன்றுக்கு அரசு வீடு தேடி வருகிறது. மற்றதற்கு மட்டும் ஏன் 'அடுத்த வாரம் வாங்க'?

என்ன செய்யலாம்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை, பி.பி. மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. டாக்டர் ஒருமுறை பார்த்து முடிவு செய்த மனச்சோர்வு மாத்திரையும் அந்தப் பையில் முறையாக இடம் பெறட்டும். சமுதாய சுகாதார மையத்தோடு நிற்காமல் ஆரம்ப சுகாதார நிலையம் வரை ஸ்டாக் இருக்கட்டும். நிலைமை சீரானவர்களுக்கு இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்துத் தரட்டும். உயிருக்கு ஆபத்தான நினைப்பு உள்ளவர்களுக்குக் குறைவாக, குடும்பத்தார் கையில் தரட்டும்.

'இலவசமாகக் கொடுத்தால் ஊரே மாத்திரை தின்னும்' என்பார்கள் சிலர். லேசான மனச்சோர்வுக்கு மாத்திரையே தேவைப்படாமல் போகலாம். கோவாவில் டாக்டர் பட்டம் இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஆறு முதல் எட்டு முறை பேசவைத்தே மனச்சோர்வைக் குறைக்கலாம் என்று 2017ல் வெளியான ஆய்வு காட்டியது. நம் கிராம சுகாதாரப் பணியாளர்களுக்கும் அந்தப் பயிற்சி கிடைத்தால், யாருக்குப் பேச்சு, யாருக்கு மாத்திரை என்று பிரிக்க முடியுமே!

மில் முதலாளிகளுக்கும் ஒரு வார்த்தை. மாதம் ஒருமுறை அரைநாள், சம்பளம் பிடிக்காமல் ஆஸ்பத்திரிக்கு விடுங்கள். வேலை தெரிந்த ஆளை இழப்பதைவிட அது மலிவு.

அப்புறம், நீங்கள். உங்கள் வீட்டில் யாராவது மாத்திரை சாப்பிட்டால், 'இன்னுமா?' என்று கேட்காதீர்கள். 'கீழ்ப்பாக்கம்' ஜோக் வேண்டாம். மாதக் கணக்கு எழுதும்போது பால், கரண்ட், ஸ்கூல் ஃபீஸுக்குப் பக்கத்தில் அந்த மாத்திரைக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். மனசு ரொம்ப பாரமாக இருந்தால், உயிரை விடும் நினைப்பு வந்தால், 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம். பணம் கிடையாது, தமிழிலேயே பேசுவார்கள்.

மாத்திரை இலவசமானால் என் வியாபாரம் கொஞ்சம் போகும்தான். போகட்டுமுங்க. அந்த அம்முணி இப்போது மறுபடி மாத்திரைக்கு வருகிறார். இன்னமும் பத்துப் பத்தாகத்தான் வாங்குகிறார். ஒவ்வொரு பத்தாம் நாளும் நான் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், அவர் வந்துவிட வேண்டுமே என்று.