மிச்சம் ஒரே ஒரு மாத்திரை: டைஃபாய்டு கிருமி மருந்துகளை ஜெயித்தது எப்படி?

லேசா சளி, காய்ச்சல் என்றாலே மெடிக்கலுக்குப் போய் அசித்ரோமைசின் வாங்கிப் போடுபவரா நீங்கள்? அப்படியென்றால் பாகிஸ்தானில் நடந்த இந்தக் கதை உங்களுக்கும்தான்.

என்ன நடந்தது?

2016 நவம்பரில், சிந்து மாகாணத்தின் ஹைதராபாத் நகரில் வழக்கமான மருந்துகளுக்கு அடங்காத டைஃபாய்டு பரவத் தொடங்கியது. அசுத்தமான தண்ணீர், உணவு வழியாகக் குடலுக்குள் போய், ரத்தத்தில் கலக்கும் 'சால்மோனெல்லா டைஃபி' பாக்டீரியாதான் இந்நோய்க்குக் காரணம். குளோராம்பெனிகால், ஆம்பிசிலின், கோ-ட்ரைமாக்சசோல், சிப்ரோஃப்ளாக்சசின் என எதுவும் வேலை செய்யவில்லை. செஃப்ட்ரியாக்சோன் ஊசியும் கைவிட்டது. மிஞ்சிய மாத்திரை அசித்ரோமைசின் மட்டுமே. அதுவும் கேட்கலைன்னா, ஆஸ்பத்திரியில் சேர்ந்து மெரோபெனம் போன்ற விலை உயர்ந்த ஊசிகள்தான்.

இந்த சக்தி எங்கிருந்து வந்தது?

கராச்சி ஆகா கான் பல்கலைக்கழகமும் பிரிட்டனின் வெல்கம் சாங்கர் நிறுவனமும் கிருமியின் மரபணுக்களை ஆராய்ந்து 2018-ல் முடிவை வெளியிட்டன. ஏற்கெனவே பல மருந்துகளை எதிர்த்துவந்த டைஃபாய்டு கிருமி, 'பிளாஸ்மிட்' ஒன்றைப் புதிதாகப் பெற்றிருந்தது. இது வளைய வடிவ டி.என்.ஏ. துண்டு. பென்டிரைவ் மாதிரி ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும். இதைக் கொடுத்தது பெரும்பாலும் இ.கோலை பாக்டீரியாவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

இங்கேதான் விஷயம் இருக்கு. இ.கோலை நம் எல்லோருடைய குடலிலும் சாதாரணமாக வாழ்வது. சளிக்கு வைரஸ்தான் காரணம். ஆன்டிபயாடிக் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் குடலில் மருந்துக்கு அடங்கும் பாக்டீரியாக்களைக் கொன்று, அடங்காதவற்றை மட்டும் பெருகவிடும். நாளை ஒரு நோய்க்கிருமி வந்தால், கடன் கொடுக்க அவை தயாராக இருக்கும்.

கடைசி மாத்திரைக்கும் ஆபத்தா?

ஆமாம். ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் அசித்ரோமைசினையும் எதிர்க்கும் டைஃபாய்டு கிருமிகள் வங்கதேசத்தில் இருப்பது 2019-ல் தெரியவந்தது. பிறகு பாகிஸ்தான், நேபாளம், இந்தியாவிலும் கண்டறியப்பட்டன. கொரோனா காலத்தில் நம் ஊரில் பலர் விழுங்கியதும் இதே மாத்திரைதான். கொரோனாவுக்கு அதனால் பலனில்லை என்று பெரிய ஆய்வுகள் பின்னர் காட்டின.

தீர்வு என்ன?

2019 நவம்பரில் பாகிஸ்தான், டைஃபாய்டு கான்ஜுகேட் தடுப்பூசியை வழக்கமான தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்த முதல் நாடானது. அந்த ஹைதராபாத் குழந்தைகளுக்குப் போட்ட ஊசி, நம் ஹைதராபாத்தின் பாரத் பயோடெக் தயாரித்தது!

ஆனால் தடுப்பூசி மட்டும் போதாது. சுத்தமான குடிநீர், முறையான கழிவுநீர் வசதி இரண்டும் அரசின் பொறுப்பு. டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் வாங்காமல் இருப்பது நம் பொறுப்பு. டைஃபாய்டு சந்தேகம் என்றால், முதல் மாத்திரைக்கு முன்பே 'பிளட் கல்ச்சர் எடுக்கணுமா டாக்டர்?' என்று கேளுங்கள். எந்த மருந்து வேலை செய்யும் என்பதை அந்தச் சோதனை சொல்லிவிடும்.