குளத்துக்கு வலைக் கூண்டு இருக்கு... கூரை போடலாமா?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம். தாம்பா நகரத்தை ஒட்டிய ஒரு புறநகர் வீடு. பேத்தியின் விடுமுறைக்காகப் பொள்ளாச்சியிலிருந்து வந்திருந்த பாட்டிக்கு அந்த வீட்டில் பிடித்த இடம் கொல்லைப்புறம்தான். நடுவில் சின்ன நீச்சல்குளம், சுற்றிலும் கல் பாவிய தளம், அதன் மேல் நாலு பக்கமும் உச்சியும் வலை அடித்த அலுமினியக் கூண்டு.

ஆனால், ஜூலையில் அங்கே உட்கார முடிந்தால்தானே? காலை 10 மணிக்கே தரையில் கால் வைக்க முடியாது. வெயில் தாழட்டும் என்று காத்திருந்தால், மூன்று, நாலு மணிக்கெல்லாம் வானம் கறுத்து மழை கொட்டும். வலை வழியாக அத்தனை தண்ணீரும் உள்ளே. காயப்போட்ட துண்டு, நாற்காலி மெத்தை, பாட்டி பிரித்து வைத்த வார இதழ் எல்லாம் சொதசொதவென்று நனைந்துவிடும்.

``ஏன் கண்ணு, குளத்துக்கே கொசுவலை கட்டியிருக்கீங்க. அது மேல நாலு ஷீட்டைப் போட்டா வெயிலும் வராது, மழையும் வராது. இதுக்கு என்ன யோசனை?'' என்று மகனிடம் கேட்டார் பாட்டி.

நியாயமான கேள்வி. மகனுக்கும் அதே எண்ணம்தான். விசாரித்தபோது ஒரு கான்ட்ராக்டர், ``ஒரே நாள் வேலை. கூண்டு இருக்கவே இருக்கு, அது மேலேயே ஷீட்டைத் திருகிடலாம். பெர்மிட்டெல்லாம் எதுக்கு?'' என்றார். விலையும் குறைவு. முன்பணம் கொடுப்பதற்கு முந்தின நாள் மருமகள்தான் நிறுத்தினார். ``அத்தை, ஒரு வாரம் பொறுங்க. இன்னும் ரெண்டு பேர்கிட்ட கேட்டுடுவோம்.''

அந்த ஒரு வாரத்தில் அவர்கள் தெரிந்துகொண்ட விஷயங்கள், ஃபுளோரிடாவில் வீடு வாங்கும் எல்லோருக்கும் உதவும்.

கூண்டு எதற்கு?

ஃபுளோரிடாவில் இந்த வலைத் தாழ்வாரத்தை `லனாய்' என்பார்கள். ஹவாய் தீவுகளிலிருந்து வந்த சொல். குளத்தையும் சேர்த்து மூடியிருந்தால் `பூல் கேஜ்'. கொசு, பூச்சி, உதிரும் இலை, சில நேரம் பாம்பு, எப்போதாவது முதலை என எல்லாவற்றையும் வெளியே நிறுத்துவதுதான் இதன் வேலை. வலை பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ் இழையில் நெய்தது. அங்குலத்துக்கு 18-க்கு 14 கண்ணிகள் இருப்பது சாதாரண ரகம். நீர்நிலைகளுக்கு அருகில் கண்ணுக்கே தெரியாத பொடிப்பூச்சிகள் கடிக்கும் என்பதால், அங்கெல்லாம் 20-க்கு 20 என்ற நெருக்கமான வலையைப் போடுகிறார்கள்.

இன்னொரு வேலையும் உண்டு. 2000-ம் ஆண்டு அக்டோபர் முதல், ஃபுளோரிடாவில் புதிதாகக் கட்டும் வீட்டுக் குளங்களுக்குக் குழந்தைகள் தவறி விழாமல் இருக்க ஒரு பாதுகாப்பு ஏற்பாடாவது இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 4 அடி உயரத் தடுப்பு அதில் ஒன்று. பல வீடுகளில் இந்தக் கூண்டுதான் அந்தத் தடுப்பு. அதனால் கூரை வேலைக்காகக் கூண்டின் ஒரு பக்கத்தைக் கழற்றினால், வேலை நடக்கும் நாள்களில் குளம் திறந்து கிடக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தற்காலிக வேலி போட்ட பிறகே கழற்றச் சொல்ல வேண்டும்.

வலை வேறு, கூரை வேறு

`கூண்டு மேலேயே ஷீட்' என்ற யோசனையில் என்ன தப்பு?

வலைக்குள் காற்று புகுந்து போய்விடும். கூண்டின் அலுமினியச் சட்டங்களை அந்தக் கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். ஷீட் போட்டுவிட்டால் காற்றுக்கு வழியில்லை. மேலிருந்து அழுத்தும், கீழே புகுந்து தூக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நாலு மடங்கு. மணிக்கு 50 மைல் காற்றைத் தாங்கிய ஷீட் 100 மைல் காற்றையும் தாங்கிவிடும் என்று சொல்லவே முடியாது.

1992-ல் ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவைச் சிதைத்த பிறகுதான் கட்டட விதிகள் இறுகின. 2002 மார்ச்சில் மாநிலம் முழுவதற்கும் ஒரே கட்டடச் சட்டத் தொகுப்பு வந்தது. அதற்குப் பிறகும் 2004-ல் சார்லி, 2022-ல் இயன் என்று புயல்கள் வந்துபோன ஊர்களில் கூண்டுகள் கசங்கிய கம்பிகளாகக் கிடந்தன. 2024 அக்டோபர் 9 இரவு மில்டன் புயல் கரையைக் கடந்தபோது, தாம்பாவுக்கு அக்கரையில் இருக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிராபிகானா ஃபீல்ட் பேஸ்பால் அரங்கத்தின் துணிக்கூரையே கிழிந்து தொங்கியது. அரங்கத்துக்கே அந்தக் கதி என்றால், கொல்லைப்புறத்தில் திருகி வைத்த ஷீட் எங்கே நிற்கும்? பறக்கும் ஷீட் உங்கள் வீட்டோடு நிற்காது, பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் போகும்.

காற்றை விடுங்கள், மழைக்கே கணக்கு இருக்கிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர், அதாவது 1 கிலோ. 5 மீட்டருக்கு 4 மீட்டர் கூரையில் 50 மி.மீ. மழை விழுந்தால் 1,000 லிட்டர். ஒரு டன்! சரிவு சரியாக இருந்தால் அது வழிந்து ஓடிவிடும். நடுவில் தொய்வு இருந்தால் அங்கே தேங்கும். தேங்கிய எடையில் தொய்வு கூடும். கூடிய தொய்வில் இன்னும் தேங்கும். தார்ப்பாயும் துணிப்பந்தலும் ஒரே மழையில் சரிவது இப்படித்தான். அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும். வழியும் தண்ணீர் குளத்தில் விழாமலும் வீட்டுச் சுவரில் இறங்காமலும் போக, காட்டரும் குழாயும் வேண்டும்.

வெயில் எங்கிருந்து வருகிறது?

நிழல் வேண்டும் என்றதும் தலைக்கு மேலேதான் பார்க்கிறோம். ஜூன் நண்பகலில் தாம்பாவில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே, சுமார் 85 டிகிரியில் நிற்கும். அப்போது கூரை நன்றாகவே உதவும். ஆனால் மாலை 5 மணிக்கு மேற்கிலிருந்து சாய்ந்து வரும் வெயில் கூரைக்குக் கீழே புகுந்து முகத்தில் அடிக்கும். அதற்குப் பக்கத்தில் மறைப்புதான் வேண்டும். டிசம்பரில் நண்பகல் சூரியனே 38 டிகிரிக்குத் தாழ்ந்துவிடும். அந்தக் குளிர்கால இளவெயிலை மறைத்துவிட்டால் பிறகு வருந்த வேண்டியிருக்கும்.

அதனால் செலவில்லாத முதல் வேலை இதுதான்: ஒரு விடுமுறை நாளில் காலை 10, மதியம் 1, மாலை 4, மாலை 6 என்று நாலு வேளை நிழல் விழும் இடத்தைத் தரையில் சாக்பீஸால் குறித்துப் பாருங்கள். முழு முற்றத்துக்கும் கூரை தேவையில்லை, உட்காரும் மூலைக்கு மட்டும் போதும் என்பது பல வீடுகளில் அப்போதே தெரிந்துவிடும்.

என்னென்ன வழிகள்?

* வெயில் வலை: வெயில் அதிகம் படும் பக்கத்தில் சாதாரண வலையைக் கழற்றிவிட்டு, வெயிலைப் பெருமளவு தடுக்கும் அடர்த்தியான வலையைப் போடலாம். பக்கச் சுவர்களுக்குச் சுருட்டி இறக்கும் திரையாகவும் கிடைக்கிறது. மழைக்கு உதவாது. காற்றும் சற்றுக் குறையும்.

* நிழல் பாய்: முக்கோணமாகவோ சதுரமாகவோ இழுத்துக் கட்டும் பின்னல் துணி. வெப்பத்தைக் குறைக்கும், மழை சொட்டும். விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டிய பொருள் என்பதால், கூண்டின் சட்டத்தில் கட்டினால் சட்டம் வளையும். தனிக் கம்பம் நட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்தால் உடனே கழற்ற வேண்டும்.

* சுருட்டும் ஆனிங்: சுவரிலிருந்து நீளும் துணிக்கூரை. வேண்டும்போது விரிக்கலாம், குளிர்காலத்தில் சுருட்டி வெயில் காயலாம். தூறலுக்குச் சரி. பலத்த காற்றுக்கும் அடைமழைக்கும் சுருட்டிவிட வேண்டும். வீட்டில் ஆள் இல்லாதபோது விரித்தே விட்டுப் போனால் போச்சு.

* பாலிகார்பனேட் ஷீட்: வெளிச்சம் வேண்டும், மழை வேண்டாம் என்பவர்களுக்கு. நிறமற்ற ஷீட் என்றால் வெப்பம் உள்ளே இறங்கும். பால் வெள்ளை ரகம் பரவாயில்லை. வெயிலில் நன்றாக விரியும் பொருள் இது. 4 மீட்டர் ஷீட், 40 டிகிரி வெப்ப மாற்றத்தில் சுமார் 10 மி.மீ. நீளும். திருகுத் துளையில் இடம் விடாமல் இறுக்கினால் கொஞ்ச நாளில் விரிசல் விடும், ஒழுகும்.

* நுரை வைத்த அலுமினியப் பலகை: இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே நுரை. வெயில், மழை இரண்டையும் தாங்கும். மழைச் சத்தமும் வெறும் தகரத்தைவிடக் குறைவு. ஆனால் தனித் தூண், தனி அஸ்திவாரம், பொறியாளரின் கணக்கு எல்லாம் வேண்டும். வீட்டுக் கூரையின் ஓரப் பலகையில் வெறுமனே திருகித் தொங்கவிடக் கூடாது.

* திருப்பும் பட்டைக் கூரை: ஜன்னல் பிளைண்ட்ஸ் போல மேலே அலுமினியப் பட்டைகள். திறந்தால் வெளிச்சம், மூடினால் மழைக்கு மறைப்பு. வசதி அதிகம், விலையும் அதிகம். மோட்டாருக்கும் தண்ணீர்ப் பாதைக்கும் பராமரிப்பு உண்டு.

எதைப் போட்டாலும் குளத்துக்கு ஒரு லாபம் இருக்கிறது. நிலைப்படுத்தும் மருந்து சேர்க்காத குளத்தில், நேர் வெயில் பட்டால் சில மணி நேரத்திலேயே குளோரினின் பெரும்பகுதி சிதைந்துவிடும். நிழல் விழும் குளத்தில் அந்த இழப்பு குறையும். அதே நேரம் தண்ணீரின் சூடும் குறையும். குளிர்காலத்திலும் நீந்துபவர்கள் குளத்துக்கு மேலே கூரை போடாமல் இருப்பதே நல்லது.

மின்சாரமும் மின்னலும்

கூரை வந்ததும் அடுத்த ஆசை, மின்விசிறியும் விளக்கும். இங்கேதான் உயிர் விஷயம் இருக்கிறது. அமெரிக்க மின் விதிப்படி, திறந்தவெளிக் குளத்துக்கு மேலேயும் அதன் விளிம்பிலிருந்து 5 அடிக்குள்ளும் புதிதாக விசிறியோ விளக்கோ மாட்டினால், பொதுவாக அது நீர்மட்டத்திலிருந்து குறைந்தது 12 அடி உயரத்தில் இருக்க வேண்டும். குளத்தைச் சுற்றி 5 அடிக்குள் இருக்கும் உலோகத் தூண்களையும் சட்டங்களையும் செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்திருக்க வேண்டும். உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன்தான் இதைச் செய்ய வேண்டும். தெரிந்தவர், சொந்தக்காரர் என்று யாரையும் விடக் கூடாது.

இன்னொன்று. கூரை போட்டாகிவிட்டது, மழையிலும் பிள்ளைகள் குளத்தில் விளையாடட்டும் என்று நினைக்கவே கூடாது. அமெரிக்காவில் மின்னல் மிக அதிகம் விழும் மாநிலங்களில் ஃபுளோரிடா முன்வரிசையில் இருக்கிறது. பக்கம் திறந்த கூரை மின்னலுக்குப் பாதுகாப்பே அல்ல. இடிச் சத்தம் கேட்டதும் குளத்தைவிட்டு ஏறி, வீட்டுக்குள் போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே வரலாம்.

கையெழுத்துக்கு முன்...

* `பெர்மிட் வேண்டாம்' என்று சொல்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள். கவுண்டி அல்லது நகர அலுவலகத்தில் நீங்களே கேளுங்கள். பின்னால் வீட்டை விற்கும்போது பெர்மிட் இல்லாத கூரை பெரிய தலைவலி.

* கான்ட்ராக்டரின் உரிம எண்ணை வாங்கி, மாநிலத் தொழில் உரிமத் துறையின் இணையதளத்தில் சரிபாருங்கள்.

* குடியிருப்போர் சங்கம் இருந்தால் அதன் எழுத்துபூர்வ அனுமதி தனி. நிறம், உயரம் வரை விதி இருக்கும்.

* இன்ஷூரன்ஸ் பாலிசியைப் படியுங்கள். பல பாலிசிகள் வலைக் கூண்டுக்குத் தனி வரம்பு வைத்திருக்கின்றன. சிலவற்றில் கூண்டுக்கு இழப்பீடே கிடையாது.

* புயல் வந்தால் எதை யார் கழற்றுவது, எங்கே வைப்பது என்பதை வாங்கும்போதே கேளுங்கள். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம்.

கடைசியில் என்ன செய்தார்கள்?

அந்தத் தாம்பா குடும்பம் கூண்டைத் தொடவில்லை. வீட்டுச் சுவரை ஒட்டி, நாலைந்து பேர் உட்காரும் அளவுக்கு மட்டும் தனித் தூண்களில் நுரைப் பலகைக் கூரை. மேற்குப் பக்கத்தில் சுருட்டும் வெயில் திரை. குளம் எப்போதும் போல வானத்தைப் பார்த்தபடி. கான்ட்ராக்டர் சொன்ன ஒரு நாளுக்குப் பதில், பெர்மிட், வரைபடம், இன்ஸ்பெக்‌ஷன் எல்லாம் முடிய மாதங்கள் ஆகிவிட்டன. செலவும் கூடுதல்தான். அதற்குள் பாட்டி ஊருக்கே திரும்பிவிட்டார்.

அடுத்த ஜூலையில் மறுபடி வந்தவர், முதல் வேலையாக நாற்காலியை இழுத்துப்போட்டு அங்கே உட்கார்ந்தார். நாலு மணிக்கு வழக்கம்போல வானம் கறுத்தது. தூரத்தில் ஒரு உறுமல்.

``கண்ணு, இடி இடிக்குது பாரு. எந்திரிச்சு உள்ள வா!'' என்று குளத்திலிருந்த பேத்தியை அழைத்துக்கொண்டு பாட்டியும் எழுந்தார். முக்கால் மணி நேரத்துக்கு மேல் கழித்து இடி ஓய்ந்து, தூறல் மட்டும் மிச்சமிருந்தபோது இருவரும் திரும்பி வந்தார்கள். நாற்காலியும் நனையவில்லை, அதில் விட்டுப்போன வார இதழும் நனையவில்லை.