காவலரின் வார ஓய்வும் மன அழுத்தமும்: நிலைப்பாட்டு அறிக்கை

ஓய்வுபெற்ற காவலர்களும் பணியிலுள்ளோரின் குடும்பத்தினரும் சேர்ந்த இந்தச் சாந்தோம் வட்டார அமைப்பு, காவலரின் மன அழுத்தத்திற்கு ஆலோசனை வகுப்புகள் மட்டும் தீர்வாகா என்ற முடிவுக்கு, நீண்ட விவாதத்தின் பின், வந்துள்ளது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் துணையோடு 2018-இல் தமிழகக் காவலர்களுக்குத் தொடங்கிய நிறைவாழ்வுப் பயிற்சியின் பயனை அமைப்பு மறுக்கவில்லை; ஆனால் பயிற்சி ஓய்வுக்கு ஈடாகாது.

காவலர்களுக்கும் தலைமைக் காவலர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு என்ற 2021 நவம்பர் தமிழக அரசாணையை உறுப்பினர்கள் நன்கறிவர். அந்த ஆணையைச் செல்லாக்காசாக்குவது பந்தோபஸ்து, அதாவது நிலையப் பணிக்கு மேலாகக் கூட்டங்களுக்கும் தலைவர்களின் பயணத்திற்கும் நிறுத்தப்படும் பாதுகாப்புக் காவல். காணும் பொங்கலுக்கு மெரினா, பங்குனியில் மயிலை அறுபத்துமூவர் விழா, ஆகஸ்ட் இறுதியில் பெசன்ட் நகர் வேளாங்கண்ணிக் கொடியேற்றம், டிசம்பரில் சாந்தோம் பேராலயம் என ஊரே குடும்பத்தோடு வெளியே வரும் நாள்களில் காவலர் தெருவில் நிற்பது கடமையே என்பதை அமைப்பு ஏற்கிறது. ஆனால் அவ்வாறு பறிபோன ஓய்வு பின்னர் ஈடுசெய்யப்படாமல் போவதையும், அதைக் கேட்டவர் ரோல்காலில், அதாவது ஆள் கணக்கெடுத்துப் பணி பிரித்துத் தரும் அணிவகுப்பில், சக காவலர்கள் முன் கடிந்துகொள்ளப்படுவதையும் ஏற்க இயலாது. ஓய்வு அதிகாரியின் கருணை அன்று. தங்கள் நிலையத்தார் மாதத்தில் ஒரு முறைகூட வார ஓய்வு எடுக்க முடிவதில்லை என்று நாட்டின் நிலையப் பொறுப்பாளர்களில் ஏறத்தாழ முக்கால் பங்கினர் 2014-ஆம் ஆண்டின் தேசிய ஆய்வொன்றில் ஒப்புக்கொண்டனர்.

2023 ஜூலையில் கோவைச் சரகக் காவல் துணைத் தலைவர் உயிரை மாய்த்துக்கொண்டதற்கான காரணத்தை அறுதியிட்டுரைக்க இவ்வமைப்பு முற்படவில்லை. ஆயினும் காவலர் ஒருவர் அவ்வாறு இறந்ததும் குடும்பத் தகராறு, கடன், உடல்நலம் என்று விரைந்து காரணம் கூறிப் பணிச்சூழலை மட்டும் விசாரணைக்கு வெளியே நிறுத்தும் போக்கை அது வன்மையாகக் கண்டிக்கிறது. நாளில் பதினான்கு மணி நேரம் வீட்டில் இல்லாதவரின் குடும்பத் தகராறு எங்கிருந்து பிறந்தது என்று கேட்பார் இல்லையா?

எட்டு மணி நேர முறைமாற்றுப் பணி இயலாததன்று; மும்பை தேவ்னார் நிலையத்தில் 2016-இல் அது சோதித்துப் பார்க்கப்பட்டது. இவற்றைக் கூட்டாகக் கேட்கக் காவலர் அனுமதியின்றிச் சங்கத்தில் சேர்வதைத் தடுக்கும் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் குறித்து உறுப்பினர்களிடையே ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை.

எனவே, ரத்தாகும் ஒவ்வோர் ஓய்வுக்கும் காரணம் எழுத்தில் பதியப்பட்டு, பதினைந்து நாள்களுக்குள் மாற்று நாள் தரப்பட வேண்டும் என்றும், தராத அதிகாரி விளக்கம் அளிக்க வேண்டும் என்றும் அமைப்பு அரசைக் கேட்டுக்கொள்கிறது. இதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.