காளானும் கடவுளாயிற்று!



கல்லுக்கும், மரத்துக்கும், பாம்புக்கும் தெய்வீகம் கற்பித்து முடித்த நம் நாட்டில் இப்போது காளானுக்கும் அந்தப் பதவி வந்து சேர்ந்திருக்கிறது. சீனர் லிங்ஷி என்றும், ஜப்பானியர் ரெய்ஷி என்றும் அழைக்கும் மரக்காளானைப் பொடி செய்து, குப்பியில் அடைத்து, “நீரிழிவு தீரும், புற்றுநோய் ஓடும், வேறு மருந்தே வேண்டாம்” என்று வீடு வீடாய் விற்கிறார்கள். விற்பவர் வைத்தியரா? இல்லை. தமக்குக் கீழ் ஆள் சேர்த்தால் கமிஷன் வரும் என்பதொன்றே அவர் கற்ற வைத்தியம்.

நமக்குத் தெரிந்த கூலிக்காரத் தாயார் ஒருவர் காதுத் தோட்டை அடகு வைத்து இதை வாங்கினார். சர்க்கார் ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைத்த சர்க்கரை மாத்திரையை நிறுத்தினார். காலில் புண் வந்து இரண்டு விரல்கள் போயின. விற்றவரைக் கேட்டால், “நம்பிக்கையோடு சாப்பிடவில்லை” என்றாராம்! விபூதி கொடுப்பவன் சொல்லும் சமாதானமும் இதுதானே?

“ஈராயிரம் வருஷப் பழமை” என்கிறார்கள். பழமை எப்படி ருஜுவாகும்? சாகாமருந்து தேடி நாலாபக்கமும் ஆள் அனுப்பிய சீனச் சக்கரவர்த்தி சின் ஷி ஹுவாங், கி.மு. 210இல் மற்றவர்களைப் போலவே செத்துப் போனான்.

“இயற்கைப் பொருள், கெடுதி செய்யாது” என்கிறார்கள். 1952 புயலுக்குப் பின் தஞ்சை ஜில்லாவில் தென்னைகளின் அடித்தண்டை அழுகச் செய்து, “தஞ்சாவூர் வாடல்” என்று பெயர் வாங்கியதும் இதே இனத்துப் பூஞ்சைதான். அதுவும் இயற்கைதானே?

நிற்க, நாம் காளானுக்கு விரோதியல்ல. 1928இல் பிளெமிங் கண்ட பெனிசிலின் பூஞ்சையில் பிறந்தது. மாற்றிவைத்த சிறுநீரகத்தை உடல் தள்ளிவிடாமல் காக்கும் சைக்ளோஸ்போரினும் அப்படியே. ஆனால் அவை பூஜையால் மருந்தாகவில்லை. சத்தைப் பிரித்து, அளவு கண்டு, பரீட்சித்துப் பார்த்ததால் மருந்தாயின.

ரெய்ஷியையும் பரீட்சித்திருக்கிறார்கள். காக்ரேன் ஆராய்ச்சிக் குழுவினர் 2016இல் 5 பரிசோதனைகளை, 373 புற்றுநோயாளிகளைப் பற்றியவற்றை, ஆராய்ந்தார்கள். முறையான சிகிச்சையோடு துணையாகக் கொடுத்தபோது சிறிது பலன் தெரிந்தது. தனியாக அதையே மருந்தாகக் கொள்ள ஆதாரமில்லை என்றார்கள். 2015இல் அவர்களே ஆராய்ந்ததில், நீரிழிவுக்காரரின் சர்க்கரையைக் குறைப்பதற்கும் தக்க ஆதாரம் கிடைக்கவில்லை. ஆகவே துணை என்று சொல்லுங்கள், கேட்கிறோம். துணையைத் தலைவனாக்கி, தலைவனை விரட்டுவதைத்தான் புரட்டு என்கிறோம்.

வாங்கித்தான் தீருவேன் என்பவர்கள் இவற்றையாவது கவனிக்கவும். டாக்டர் கொடுத்த மருந்தை ஒரு வேளையும் நிறுத்தாதீர்கள். இதைச் சாப்பிடுவதை அவரிடம் மறைக்காதீர்கள். ரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுவோர் இதைத் தொடக்கூடாது, ரத்தப்போக்கு ஏற்படலாம். ஆபரேஷனுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும். பொடியைத் தின்று ஈரல் கெட்டவர்களும் உண்டு. கண் மஞ்சளானாலும், சிறுநீர் கறுத்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டவே வேண்டாம். காட்டில் கண்ட காளானைப் பறித்துக் காய்ச்சிக் குடிப்பதோ, உயிரோடு விளையாடுவதாகும்.

நீரிழிவையும் புற்றுநோயையும் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954ஆம் வருஷச் சட்டமே தடுக்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. வியாபாரம் வீதியில் இருக்கிறது. ஏன்? கேட்பார் இல்லாததால்தானே? இனி எவராவது குப்பியோடு வாசலுக்கு வந்தால், “எத்தனை பேருக்குக் கொடுத்துப் பார்த்தீர்கள்? எத்தனை பேருக்குக் குணமாயிற்று? யார் எண்ணினார்கள்?” என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பதில் வந்தால் யோசிக்கலாம். வராவிட்டால், காதுத் தோடு காதிலேயே இருக்கட்டும்.