பிளக் ஏன் கறுக்கிறது?

உங்கள் வீட்டுக் குளியலறையில் கீஸர் இருக்கிறதா? நாளைக் காலையில் எல்லோரும் குளித்து முடித்ததும், ஸ்விட்சை அணைத்துவிட்டு, ஈரமில்லாத கையால் அதன் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். பித்தளைக் கால்களின் அடியில் பழுப்பு ஏறியிருக்கிறதா? தீய்ந்த வாடை வருகிறதா? அப்படியானால், சகோதரிகளே, இந்த வாரம் எழுதுவது உங்களுக்காகத்தான்.

"பிளாஸ்டிக் மட்டம்" என்று கடைக்காரரைத் திட்டிவிட்டுப் புதுப் பிளக் வாங்கி மாட்டுவது வழக்கம். சில மாதங்களில் அதுவும் கறுத்துவிடுகிறது! காரணம் பிளாஸ்டிக்கில் இல்லை. இரண்டு சின்னக் கணக்குகளில் இருக்கிறது. பால் கணக்கையும் சலவைக் கணக்கையும் மனத்திலேயே போடுகிற உங்களுக்கு இது பிரமாதமான காரியமல்ல.

மொட்டை மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டி உயரத்தில் இருப்பதால் தண்ணீருக்கு ஓர் உந்துதல் கிடைக்கிறது. மின்சாரத்தில் அந்த உந்துதலுக்கு வோல்ட் என்று அளவு. குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பதைப் போன்றது ஆம்பியர். குழாய் குறுகலாக இருந்து ஓட்டத்தைத் தடுக்கிறதே, அந்தத் தடைக்கு ஓம் என்று பெயர்.

வோல்டை ஆம்பியரால் வகுத்தால் ஓம் வரும். வோல்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும். வாட் என்பது சாமான் எவ்வளவு வேகமாக மின்சக்தியைச் செலவிடுகிறது என்பதன் அளவு. இவ்வளவுதான் கணக்கு!

முதல் கணக்கைச் சொன்னவர் ஜெர்மனியில் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ஜார்ஜ் ஓம். 1827-ல் அவர் அதைப் புத்தகமாக வெளியிட்டபோது சொந்த நாட்டில் மதிப்பார் அதிகமில்லை. 1841-ல் லண்டன் ராயல் சொஸைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் அளித்தது. இன்று தடையின் அளவுக்கே அவர் பெயர்தான்.

இப்போது கீஸரின் தகட்டைப் பாருங்கள். 230 வோல்ட், 2000 வாட் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2000-ஐ 230-ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். 230-ஐ 8.7-ஆல் வகுத்தால் சுமார் 26.4 ஓம். அதே மாதிரி 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்குக் கணக்குப் போட்டால், 4.35 ஆம்பியர், சுமார் 53 ஓம்.

நம் வீட்டுச் சுவரில் சின்னப் பிளக் பாயிண்ட் 6 ஆம்பியர் தாங்கும்; பெரியது 16 ஆம்பியர் தாங்கும். (பழைய வீடுகளில் 5, 15 என்று இருக்கும்.) ஆகவே இஸ்திரிப் பெட்டி சின்னதில் போகலாம், கீஸருக்குப் பெரியதுதான் வேண்டும். 1500 வாட் கெட்டில் 6.5 ஆம்பியர் இழுக்கிறதே, அதுவும் பெரியதற்கே உரியது. 6 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் போர்டு ஒன்றில் கெட்டிலையும் இஸ்திரிப் பெட்டியையும் சேர்த்துச் செருகினால் கிட்டத்தட்ட 11 ஆம்பியர்! போர்டு என்ன செய்யும், பாவம்?

"கீஸரைப் பெரிய பாயிண்டில்தான் மாட்டியிருக்கிறோம், அப்படியும் கறுக்கிறதே?" என்று கேட்பீர்கள். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

சுவர்த் துளைக்குள் இருக்கும் பித்தளைப் பிடி நாளாவட்டத்தில் தளர்ந்துபோகும். பிளக்கின் கால் அதில் இறுக்கமாக உட்காராது. அந்த இடத்தில் புதிதாக ஒரு தடை முளைக்கிறது. அரை ஓம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வோல்ட் என்பது ஆம்பியரை ஓமால் பெருக்கியது அல்லவா? ஆகவே ஆம்பியரை ஆம்பியராலேயே பெருக்கி, அதை மறுபடி ஓமால் பெருக்கினாலும் வாட் வரும். தளர்ந்த இடத்தையும் சேர்த்தால் கீஸரில் ஓடுவது சுமார் 8.5 ஆம்பியர். 8.5 தடவை 8.5, அதில் பாதி: 36 வாட். ரேடியோ ரிப்பேர் செய்கிறவர்கள் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் பல 25 வாட்தான்! அதைவிட அதிகமான சூடு, கடலைப் பருப்பளவு இடத்தில் தினந்தோறும் ஏறினால் பிளக் கறுக்காமல் என்ன செய்யும்?

இஸ்திரிப் பெட்டியை அதே துளையில் செருகினால் 9 வாட்தான் வரும். ஓட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகிறது. இங்கிலாந்தில் பீர் வடிக்கும் குடும்பத்தில் பிறந்த ஜேம்ஸ் ஜூல் இதைச் சோதனை செய்து 1841-ல் எழுதினார்.

"ஆபத்து என்றால் எம்.ஸி.பி. ஸ்விட்ச் தானே விழுந்துவிடாதா?" என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அது ஓட்டம் அதிகமானால்தான் விழும். இங்கே தடை கூடியதால் ஓட்டம் 8.7-லிருந்து சற்றுக் குறைந்தல்லவா இருக்கிறது? பிளக் உருகிப் புகைந்தாலும் அது பேசாமல் நிற்கக்கூடும். கண்ணும் மூக்கும்தான் அங்கே காவல்.

சூடு ஏற ஏறப் பித்தளைப் பிடி இன்னும் தளரும், களிம்பு படியும், தடை கூடும், சூடும் கூடும். பழைய துளையில் புதுப் பிளக்கை மட்டும் மாட்டினால் மறுபடி கறுப்பது இதனால்தான். பிளக், சுவரில் உள்ள சாக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். உள்ளே ஒயரின் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா, ஒயர் கருகியிருக்கிறதா என்றும் எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். இதெல்லாம் மெயினை அணைத்துவிட்டு அவர் செய்யவேண்டிய வேலை; நாம் கை வைக்க வேண்டாம்.

ஒரு விஷயம்: இந்தக் கணக்கு சூடு உண்டாக்கும் சாமான்களுக்குத்தான் அப்படியே பொருந்தும். மிக்ஸி, பிரிட்ஜ் போன்ற மோட்டார் சாமான்கள், கணக்கில் வருவதைவிட அதிக ஆம்பியர் இழுக்கும். ஓடத் தொடங்கும் கணத்தில் இன்னும் அதிகம்.

புதுச் சாமான் வீட்டுக்கு வந்ததும், பெட்டியைப் பிரிக்கும்போதே தகட்டைப் படித்து, வாட்டை 230-ஆல் வகுத்துப் பாருங்கள். 6-க்கு மேல் வந்தால் பெரிய பாயிண்ட். அடுப்பில் பால் பொங்குவதைக் கவனிக்கிற அதே கண், மாதம் ஒரு முறை பிளக்கையும் கவனிக்கட்டும்.