இரட்டைக்கு நம் மதகு தெரியாது

மழைக்காலம் வந்தால் அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடைகளில் ஒரு பேச்சு தவறாமல் எழும். "செவ்வாய்க்கே ராக்கெட் விட்டாச்சு. நம்ம தெருவுல எப்போ தண்ணி ஏறும்னு சொல்ல ஒரு கம்ப்யூட்டர் இல்லையா?" இப்போது அதற்குப் பதிலும் கூடவே வருகிறது: டிஜிட்டல் இரட்டை. பூமியை அப்படியே கணினிக்குள் நகலெடுத்துவிட்டால், பருத்திப்பட்டு ஏரி எப்போது நிரம்பும், பூந்தமல்லி சாலையில் எங்கே முழங்கால் ஆழம் என்று வண்டியை எடுக்கும் முன்பே போன் சொல்லிவிடுமாம். படித்தவர்களும் இதை நம்புகிறார்கள். தவறான நம்பிக்கை மட்டுமல்ல, சோம்பலுக்குத் தோதான நம்பிக்கையும்கூட.

இரட்டை என்ற கருத்து வளர்ந்தது இயந்திரங்களை வைத்து. கியர் பாக்ஸுக்கு டிராயிங் உண்டு, டாலரன்ஸ் உண்டு. வேண்டிய இடத்தில் சென்சார் ஒட்டலாம். சந்தேகம் வந்தால் நிறுத்திவிட்டுக் கழற்றிப் பார்க்கலாம். வங்காள விரிகுடாவுக்கு டிராயிங் போட்டவர் யார்? அங்கே நேரில் அளப்பவை சில மிதவைகளும் போகிற வருகிற கப்பல்களும்தான். மற்றதெல்லாம் செயற்கைக்கோள் தூரத்திலிருந்து பார்த்துச் சொல்வது. தொடக்க அளவில் இருக்கும் சின்னப் பிழை நாளாக நாளாக ஊதிப் பெருகும் என்று வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் 1963-லேயே காட்டிவிட்டார். கணினி எவ்வளவு பெரிதானாலும் அந்தப் பிழையும் அதற்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்தது கட்டம், அதாவது கணினி மாதிரி பூமியைப் பிரித்துக்கொள்ளும் சதுரம். 2025 மே மாதம் அறிமுகமான இந்திய வானிலை மாதிரி, பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம், 12 கிலோமீட்டராக இருந்த கட்டத்தை 6 ஆக்கியது. பெரிய சாதனைதான், மறுக்கவில்லை. ஆனால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் சேர்ந்தாலும் அதில் சில சதுரங்கள்தான். கட்டத்தைவிடச் சிறிய மேகத்தை மாதிரி நேரடியாகக் கணக்கிடுவதில்லை. சராசரி விதி ஒன்றைப் போட்டு ஒப்பேற்றுகிறது. சரி, கட்டத்தைப் பாதியாக்கலாமே? நீளம், அகலம், நேரம் மூன்றையும் பாதியாக்க வேண்டும். வேலை எட்டு மடங்காகும். ஐரோப்பாவின் பூமி இரட்டையான டெஸ்டினேஷன் எர்த் 2024 ஜூனில் பின்லாந்தில் இயங்கத் தொடங்கியது. உலகம் முழுமைக்கும் அதன் கட்டமும் 5 கிலோமீட்டர் அளவுதான். அங்கே இன்னொரு தலைவலி: கணக்கில் வருவதையெல்லாம் சேமித்து வைக்கக் கட்டுப்படியாகாது. ஓடும்போதே வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியைக் கைகழுவ வேண்டும்.

2021 டிசம்பர் 30 அன்று சென்னையை மூழ்கடித்த மழையை முந்தைய நாள் வானிலை மையம் சொல்லவில்லை. 2024 அக்டோபர் 16-க்கு ரெட் அலர்ட் கொடுத்தார்கள், ஜனங்கள் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்தினார்கள், மழை அடங்கிப்போனது. இரண்டையும் சொல்லி வானிலைக்காரர்களைக் கேலி செய்கிறோம். 2023-ஐ மட்டும் மறந்துவிடுகிறோம். மிக்ஜாம் புயல் வருவது தெரிந்திருந்தது, டிசம்பர் 4-க்கு முன்கூட்டியே விடுமுறையும் விட்டார்கள். ஆவடியில் 28 செ.மீ. கொட்டியது. முன்னறிவிப்பில் குறையில்லை. தண்ணீர் வீட்டுக்குள் வந்தது.

ஏனென்றால் மழை வானத்தில் முடிவாகிறது, வெள்ளம் தரையில் முடிவாகிறது. அம்பத்தூர் ஏரியின் உபரி கொரட்டூர் ஏரிக்குப் போக வேண்டும். வழியில் கழிவுநீர், குறுகிப்போன கால்வாய், குப்பை அடைத்த மதகு. பழைய தாரைச் சுரண்டாமலே மேலே மேலே ரோடு போட்டு, வாசற்படி பள்ளமான தெருக்கள் வேறு. அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில், ஆவடி தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. ஏரிகள் நீர்வளத் துறையிடம். நேற்று பெய்த மழையில் அடைத்துக்கொண்ட மதகை எந்த இரட்டைக்கு யார் சொல்வது?

இரட்டையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கனஅடி திறந்தார்கள். இரண்டு நாள் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருந்தால் அடையாறு என்ன ஆகியிருக்கும்? 'இப்படிச் செய்தால் என்ன' என்று ஆயிரம் தடவை போட்டுப் பார்க்கத்தான் இரட்டை. அப்போதும் அது கொடுப்பது உறுதிமொழி அல்ல, 'பத்தில் ஆறு வாய்ப்பு' என்பது போன்ற பதில். அதை நம்பிக் குடிநீர் ஏரியைத் திறந்துவிட்டு, மழை ஏமாற்றினால் கோடையில் வசவு வாங்க யார் முன்வருவார்?

எஸ்டேட்டில் நண்பர் ஒருவர் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறார். மிக்ஜாம் புயல் எச்சரிக்கையை நம்பி, 2023 டிசம்பரில் மோட்டார்களைக் கழற்றி மேசைமேல் ஏற்றினார். மோட்டார்கள் பிழைத்தன, மெஷின் பெட் மூழ்கியது. தண்ணீர் நின்ற இடத்தில் சுவரில் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, தேதியும் எழுதி வைத்திருக்கிறார். எந்த மாதிரியையும் சரிபார்க்க அதைவிட நல்ல அளவு கிடைக்காது. இதுவரை அதை டேப் வைத்து அளந்தவர் அவர் ஒருவர்தான், புது மெஷினுக்கு மேடை கட்டுவதற்காக.