வெண்பனியின் அடியில்

ஆல்ப்ஸ் மலைகளிலே பெரும்பனி பெய்து ஓய்ந்து, வானம் வெளித்து, வெயில் எறிக்கின்ற காலை வேளை மிக்க அழகுடையது. சறுக்குப் பலகைகளுடன் இளைஞர் மலைநோக்கிப் புறப்படுவது அன்றுதான். பனிச்சரிவின் அபாயம் மிகுந்திருப்பதும் பெரும்பாலும் அன்றுதான்.

பனிச்சரிவு என்றதும் உருண்டு திரண்டு வரும் பனிப்பந்து ஒன்றையே நம்மிற் பலர் மனத்திற் கொள்கின்றோம். உரத்துக் கூவினாற் பனி சரியும் என்ற கதையும் வழங்குகின்றது. மனிதக் குரலுக்கு அத்துணை வலிமை இல்லை. மனிதனுடைய பாரத்துக்கோ உண்டு.

சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகருக்கு மேலே, வைஸ்புளூயோக் என்னுமிடத்தில், 1936ஆம் ஆண்டில் அறிஞர் சிலர் பனியை ஆராயத் தொடங்கினர். அங்கே இன்றும் பனியிற் குழி தோண்டி வெட்டுமுகத்தை நோக்குகின்றனர். மாரி முழுவதும் பெய்த பனி அதிலே படை படையாகத் தெரியும். எல்லாப் படைகளும் ஒரே தன்மையன அல்ல.

மாரியின் தொடக்கத்தில் மெல்லிய பனி பெய்து, பின் பல நாள் வானந் தெளிந்திருப்பதுண்டு. நிலத்தை ஒட்டிய பனி ஏறக்குறைய 0 பாகையில் இருக்க, மேற்பரப்போ இரவிற் கடுங்குளிரடைகின்றது. இவ்வேறுபாட்டினால் அடியிலிருந்து நீராவி மேனோக்கிச் சென்று, அயலிலுள்ள மணிகளிற் படிந்து உறைகின்றது. நாளடைவில் மணிகள் பருத்துக் கோணமுற்று, ஒன்றோடொன்று ஒட்டாது, சீனியைப் போல உதிர்கின்றன. அள்ளினால் விரலிடுக்கால் வழிந்துவிடும்.

அதன்மீது பின்னர் வரும் புயல் புதுப்பனியை அடுக்கி இறுக்குகின்றது. சீனிமேல் வைத்த பலகை போலாயிற்று! சரிவு 30 பாகைக்கு மேற்பட்டதாயின் ஒருவர் பாரமே போதும். அடிப்படை நொறுங்க, வெடிப்பு கணத்தில் ஓடிப் பரந்து, மலைப்பக்கமே கழன்று வழுக்குகின்றது. பலகையின் நடுவில் நிற்பவர் ஓடித் தப்புவதெங்ஙனம்? உல்லாசமாக மலையேறிச் சரிவில் அகப்படுவோருள் பத்திலொன்பது பேர்வரை, தாமோ தம் கூட்டாளியோ கிளப்பிய சரிவிலேயே அகப்படுகின்றனர். காலடியில் 'வும்' என்ற மந்த ஓசை எழுமாயின் அனுபவசாலிகள் உடனே திரும்பிவிடுவர். அடியில் ஒரு படை அமர்ந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

சரிந்து நின்ற பனி சீமெந்து போல் இறுகும். விரலையும் அசைத்தல் அரிது. சுவிற்சர்லாந்தின் 1981 முதல் 2020 வரையான பதிவுகளின்படி, புதையுண்டோரைப் பத்து நிமிடத்துள் தோண்டியெடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் பிழைக்கின்றனர். அரைமணி நேரத்தில் அது முப்பதளவாகக் குறைகின்றது. ஹெலிகொப்டர் வருமுன் அந்நேரம் கழிந்துவிடும். கூடச்சென்ற தோழரே காப்பாற்ற வேண்டும். ஆகவேதான் ஒவ்வொருவரும் சமிக்ஞை விடுக்கவும் ஏற்கவும் வல்ல சிறு வானொலிக் கருவி, பனியைக் குத்திப் பார்க்கும் நெடுங்கோல், ஒரு சவள் ஆகியவற்றுடன் செல்கின்றனர். மூன்றில் ஒன்றை வீட்டில் விட்டுச் செல்வது நம் எண்ணத்தில் மூன்றையுமே விட்டுச் செல்வதற்கொப்பாகும்.

ஐயத்துக்குரிய சரிவை அவர்கள் ஒருவர்பின் ஒருவராகவே கடப்பர். மற்றையோர் ஓரமாய் நின்று கண்கொட்டாது பார்த்திருப்பர். எவ்விடத்தில் மறைந்தார் என்பது தெரிந்தால் தேடும் நேரம் குறையுமல்லவா?